பாக்கி: எஞ்சியிருப்பது எது?



 

"பழைய பாக்கி எவ்வளவு?" என்று கடைகளில் கேட்கிறோம். இந்தப் ‘பாக்கி’ ஓர் அரபுச் சொல்லாகும். ‘பாகீ’ என்றால் எஞ்சியிருப்பது, நிலைத்திருப்பது என்று பொருள். பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாகக் கணக்கெழுதுவோரின் ஏடுகளில் ஏறி, இது தமிழில் கலந்தது. மலாய் மொழியிலும் மீதித் தொகைக்கு இதே பெயர்தான். அரபு செமித்திய மொழி. தமிழ் திராவிட மொழி. மலாய் ஆஸ்திரோனேசிய மொழி. பிறப்பால் உறவற்ற மொழிகள் ஒரு சொல்லால் உறவாகியுள்ளன.

எனினும் ஓசையை மட்டும் நம்பிவிடலாகாது. ‘பாக்கியம்’ வடமொழிச் சொல். மதீனாவின் ‘பகீஃ’ மையவாடியின் பெயரோ ‘ஐன்’ என்ற எழுத்தில் முடியும் வேறோர் அரபுச் சொல். இவற்றுக்கும் பாக்கிக்கும் தொடர்பில்லை.

நேயர்களே! நம் வழக்கில் பாக்கி என்பது கொடுக்க வேண்டிய கடன். மூன்று தீனார் கடனுடன் மரணித்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழுவிக்காது, நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத் தொழுமாறு பணித்தார்கள். அபூகதாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். இது புஹாரியில் பதிவாகியுள்ளது.

குர்ஆனிலோ இச்சொல் நற்செய்தியாக ஒலிக்கிறது. நம்மிடம் உள்ளவை தீர்ந்துவிடும், அல்லாஹ்விடம் உள்ளவையே நிலைத்திருக்கும் என ஸூரதுந் நஹ்லின் 96ஆம் வசனம் உணர்த்துகிறது. அங்கு வருவதும் இதே சொல்தான். அறுத்த ஆட்டில் முன்சப்பையைத் தவிர அனைத்தும் தர்மமாகக் கொடுக்கப்பட்டதை ஆயிஷா (ரழி) அவர்கள் கூறியபோது, அந்தச் சப்பையைத் தவிர மற்ற அனைத்துமே எஞ்சியிருப்பதாக நபியவர்கள் விளக்கினார்கள். இதைத் திர்மிதியில் காணலாம்.

ஆகவே பாக்கி இரு வகைப்படும். மனிதருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது நம்மீது பாக்கி; அல்லாஹ்வுக்காகக் கொடுத்துவிட்டது நமக்குப் பாக்கி.

பெற்றோர்களே! உங்கள் கடன்களை எழுதிவைத்து, பிள்ளைகளுக்கும் அறிவித்துவிடுங்கள். இளைஞர்களே! நண்பனிடம் கைமாற்றாகப் பெற்ற சிறு தொகையையும் அற்பமாக எண்ணாதீர்கள். அவன் மறந்திருக்கலாம், கணக்கு மறப்பதில்லை.

முதல் பாக்கியைத் தீர்த்து, இரண்டாம் பாக்கியைச் சேர்க்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.