காருகுறிச்சியும் கலிபோர்னியாவும்

பாட்டு வரி இல்லாத இசை அரை இசைதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதை மறுக்கவே வந்திருக்கிறேன். 1960களின் தொடக்கத்தில், அலைமேல் பலகையில் சறுக்கும் கலிபோர்னியா இளைஞர்களிடையே 'சர்ஃப்' இசை பிறந்தது. அதன் கருவியிசை வகையில் பாடகர் கிடையாது, மின்கிட்டாரும் டிரம்ஸும்தான் முன்னால் நிற்கும். ஃபெண்டர் எதிரொலிப் பெட்டியின் கம்பிச்சுருள் ஒவ்வொரு சுரத்தையும் நனைத்து நீட்டும். கிட்டார் கலைஞர் டிக் டேல் 1962-ல் வெளியிட்ட 'மிசர்லூ'வைக் கேளுங்கள். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் பழைய மெட்டு அது. டேலின் தந்தை வழியோ லெபனான். அதன் சுரங்கள் நம் பிள்ளைகள் சரளி வரிசை படிக்கும் மாயாமாளவகௌளைச் சுரங்களே. கடல் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கு அலை தெரிந்தது.

அதே 1962-ல்தான் 'கொஞ்சும் சலங்கை' திரைப்படம் வந்தது. தாமிரபரணிப் பாசனத்து ஊர்க்காரர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், அதில் ஆபேரி ராகத்தை நாகசுரத்தில், அதாவது நம் நாயனத்தில், வாசித்தார். "அது எஸ்.ஜானகி பாடிய 'சிங்கார வேலனே தேவா' ஆயிற்றே, சொல் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இன்றும் மேடையில் அதைப் பாட வருகிறவர் எந்த இடத்தை எண்ணி அஞ்சுகிறார்? குரலும் நாயனமும் சுரத்துக்குச் சுரம் மோதும் இடத்தை. அங்கே சொல் ஒதுங்கிவிடுகிறது. இன்னும் சொல்கிறேன்: தெலுங்குக் கீர்த்தனைகள் எத்தனையோ நம் ரத வீதிகளில் நாயனம் வழியாகவே ஒலித்தன. விடிய விடிய நின்று கேட்ட விவசாயி தெலுங்கு படித்தவரா? சீவாளியில் உதடும் மூச்சும், துளைகளில் விரலும் சேர்ந்து இழைத்த கமகத்தில் அவர் ராகத்தைப் பிடித்துக்கொண்டார். சொல்லை நம்பியிருந்தால் அந்த ரசனையே பிறந்திருக்காது.

கோயில் வாத்தியத்தைக் கடற்கரைக் கொண்டாட்டத்தோடு சேர்ப்பதா என்று கேட்கலாம். புனிதத்தை நான் சமமாக்கவில்லை. இரண்டும் பெருங்கூட்டத்துக்காக உருவான ஓசை என்கிறேன். ஒலிபெருக்கிகளை எரித்துத் தள்ளிய டேலுக்காக லியோ ஃபெண்டர் வலிமையான பெருக்கி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நம் நாயனத்துக்கு ஆச்சா மரமும் ஒரு மனிதரின் நெஞ்சுரமும் போதும். சர்ஃப் மோகம் 1964-ல் பீட்டில்ஸ் வந்ததும் அடங்கியது உண்மை. ஆனால் 1994-ல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' திரைப்படம் தொடங்கியபோது 'மிசர்லூ' புதுத் தலைமுறையைப் பிடித்துக்கொண்டது. நம் அருணாசலமும் அதே 1964-ல், நாற்பதுகளின் தொடக்கத்தில் மறைந்தார். அவருடைய ஒலிப்பதிவுகள் மறையவில்லை. அவர் பிறந்த மாவட்டத்திலேயே இன்று நாயனக்காரரைக் கெட்டிமேளத்துக்கு மட்டும் தேடுகிறோம், சாப்பாட்டுப் பந்தியின் சத்தத்துக்கு நடுவே வாசிக்க வைக்கிறோம். என் வேண்டுகோள் இதுதான்: இந்த மேடையின் அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மாலை முழுவதையும் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் கொடுங்கள். அன்று சொற்பொழிவு வேண்டாம், என்னுடையதும்கூட.