கொழுப்புறையும் கரைப்பானும்
(நீர்வேலியில் நிகழ்த்தப்பெற்ற நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அறிஞர் சங்கரபண்டிதரின் ஊராகிய நீர்வேலியிலே, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். சில வைரசுகளைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதன் இயல்பை அறிந்தவர் கையில் சவர்க்காரக் கட்டியும் உயிர்காக்கும் என்பதே இப்பேச்சின் சாரம்.

வைரசின் நடுவில் மரபுப்பொருள், அதைச் சுற்றிப் புரதக் கூடு. சில வைரசுகள் இதோடு நின்றுவிடும். வேறு சில, தாம் பெருகிய கலத்தின் மென்சவ்வில் ஒரு பகுதியைப் போர்த்திக்கொண்டு வெளியேறும். டெங்கு, இன்புளுவென்சா, எச்.ஐ.வி., கொவிட், விசர்நாய்க்கடி வைரசுகள் இந்த வகை. அந்த உறை ஈரடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றின் தலையும் நீரை நாடும். வால் நீரை வெறுக்கும். வால்கள் உட்புறம் ஒதுங்க, தலைகள் நீரைப் பார்த்து நிற்கும். இந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பூட்டிவைக்கும் வலிய இரசாயனப் பிணைப்பு இல்லை. நீர்வெறுப்பே பெரும்பாலும் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. புதிய கலத்தைப் பற்றும் முட்புரதங்கள் இந்தப் படலத்திலேதான் ஊன்றி நிற்கின்றன.

ஈதர், குளோரோபோம் போன்ற கரைப்பான்களில் கொழுப்பு கரையும். கரைந்ததும் முட்புரதங்கள் பிடிமானம் இழக்கும். வைரசு தொற்றும் வலுவை இழக்கும். 1949 இல் அன்றூஸ், ஹோர்ஸ்ட்மன் என்னும் இருவர் பல வைரசுகளை ஈதரில் சோதித்து வெளியிட்டார்கள். ஈதருக்கு அழிவது எது, அசையாதது எது என்பது பின்னர் ஆய்வுகூடங்களில் வைரசை வகைப்படுத்தும் சோதனையாயிற்று.

மதுசாரம் இரண்டு வேலை செய்கிறது. கொழுப்பு மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து படலத்தைக் குலைக்கிறது. புரதத்தின் மடிப்பையும் அவிழ்க்கிறது. இரண்டாவது வேலைக்கு நீர் தேவை. அதனால் தூய மதுசாரத்தைவிட 60 முதல் 80 வீதம் வரையான கலவையே வலியது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கைத்தேய்ப்புத் திரவத்தில் எதனோல் 80 வீதம்.

இந்த அறிவு குருதியையும் காத்தது. குருதி உறையாமை நோயாளருக்குக் கொடுத்த உறைதற்காரணிகள் மூலமே எச்.ஐ.வி. பரவிய கொடுங்காலம் 1980களின் தொடக்கம். நியூயோர்க் குருதி நிலையத்தில் ஹோரோவிற்ஸ் குழுவினர் கரைப்பானையும் அழுக்ககற்றியையும் சேர்த்துக் குருதிப் புரதத்தைப் பதப்படுத்தினர். இம்முறைக்கு 1985 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரசின் கொழுப்புறை சிதைந்தது. நோயாளிக்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் கெடாமல் நின்றது. உறையில்லாத ஈரலழற்சி ஏ வைரசோ அந்த முறைக்குத் தப்பியது.

கொழுப்புறை இல்லாத வைரசிடம் இம்முறை செல்லாது என்ற அந்த எல்லையை நம் வாழைத்தோட்டத்திலும் காணலாம். முடிக்கொத்து நோய் இலங்கையில் 1913 இலேயே பதிவானது. புதிய இலைகள் ஒடுங்கி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். இந்த நோயைத் தரும் வைரசுக்குக் கொழுப்புறை கிடையாது. ஏறத்தாழ 20 நனோமீற்றர் அளவான புரதக் கூடு மட்டுமே. சவர்க்காரக் கரைசல் தெளித்தால் அதைக் காவும் அழுக்கணவன் பூச்சி சாகலாம். மரத்துக்குள் இருக்கும் வைரசை அது தொடாது. நோய்ப்பட்ட மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழிப்பதும், நோயற்ற கன்றை நடுவதுமே வழி.

இனி, எல்லோரும் நினைவில் வைக்கவேண்டியதைச் சொல்கிறேன். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஆனால் கடித்தவுடனே அந்த வைரசு காயத்தின் தசையிலும் மேற்பரப்பிலும்தான் இருக்கிறது. நரம்புக்குள் இன்னும் போகவில்லை. அதன் உறையும் கொழுப்பே. சவர்க்கார மூலக்கூறின் நீர்வெறுக்கும் வால் அந்தப் படலத்துள் செருகி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கும். ஓடும் நீர் எஞ்சியதை அடித்துச் செல்லும். இதற்கு நேரம் வேண்டும். மேலால் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடக்கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு, காயத்தின் உள்மூலைவரை 15 நிமிடம் கழுவவேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பக்கூடாது. கழுவியவுடன் வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டு முடிக்கவேண்டும். ஆழத்தில் தப்பிய வைரசைச் சவர்க்காரம் எட்டாது, அதற்கே ஊசி.

மாணவர்களே, இதை இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள். நாய் கடித்த பிள்ளையை முதலில் குழாயடிக்கும் பிறகு வைத்தியசாலைக்கும் கொண்டுபோகத் தெரியாத வீடு ஒன்றேனும் இவ்வூரில் இருக்கக்கூடாது. கற்பித்த ஆசிரியருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.