படித்துப் பார்த்து வாங்குவோம்



சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம். ஒரு வேளைச் சமையலுக்கே அத்தனை கவனம். பல ஆண்டுகள் பள்ளியில் இருந்து, எத்தனையோ பிள்ளைகளின் கைக்குப் போகப்போகிற புத்தகத்தை எப்படி வாங்குகிறோம்? பல பள்ளிகளில் நடப்பது இதுதான். நூலக நிதி வருகிறது. குறித்த தேதிக்குள் செலவழித்துக் கணக்கு அனுப்ப வேண்டும். விலைப்பட்டியல் ஒன்று மேசைக்கு வருகிறது. தலைப்பு, விலை, தள்ளுபடி மூன்றையும் பார்த்து டிக் அடிக்கிறோம். கட்டு வந்து இறங்குகிறது. பதிவேட்டில் எண் ஏறுகிறது. பீரோவைப் பூட்டிவிடுகிறோம். இவ்வளவும் முடிகிற வரை, அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது யாரும் திறந்து படித்திருக்க மாட்டார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. பள்ளிக்குள் நுழைகிற ஒவ்வொரு சிறுவர் நூலையும், வாங்குவதற்கு முன்பே, பெரியவர் ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் சிலரும் படித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை எல்லாம் தாமாகச் சரியாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நூலக இயலுக்கு உலகமே மதிக்கும் அடித்தளம் போட்டவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்கிறது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்கிறது மூன்றாவது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நூலையும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளையையும் தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்து டிக் அடிப்பவருக்கு இந்த இரண்டுமே தெரிய வழியில்லை.

அப்படி வாங்குவதால் என்ன ஆகிறது? ஒரே பீரோவில் நாலு பதிப்பகத்தின் தெனாலிராமன் சேர்ந்துவிடுகிறான். தலைவர்கள் வரலாறு, பொது அறிவு வினா விடை, நீதிக்கதைகள் என்று அடுக்கு நிறைகிறது. இவற்றில் எதுவும் தவறில்லை. பிள்ளைக்கு எல்லாமே வேண்டும். ஆனால் எல்லாப் பக்கத்திலும் அறிவுரை மட்டுமே இருந்தால், பாடப்புத்தகத்தை மூடிவிட்டு இன்னொரு பாடப்புத்தகத்தைத் திறப்பது எதற்கு என்றுதான் பிள்ளை நினைக்கும்.

இப்போது வயது வாரியாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம். இங்கே படம்தான் பாதிக் கதை. எழுத்து சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரி போதும். தமிழுக்கே உரிய சில சிக்கல்களை இங்கே கவனிக்க வேண்டும். 'பார்த்துக்கொண்டிருந்தபோது' என்று நீண்டு போகும் சொல்லைப் பெரியவர்கள் ஒரே மூச்சில் தாண்டிவிடுவோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மலை. வரி முடிவில் இடம் போதவில்லை என்று ஒரு சொல்லைப் பாதியில் உடைத்து, மிச்சத்தை அடுத்த வரியில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும். உரையாடல் வரும் இடத்தில் பேச்சுத் தமிழ் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வீட்டில் கேட்ட மொழியை அச்சில் பார்க்கும்போதுதான் புத்தகம் தன்னோடு பேசுகிறது என்று பிள்ளைக்குப் புரிகிறது.

இந்த வயதுக்கான நல்ல நூல்களுக்கு இன்று பஞ்சமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் நெடுங்காலமாகப் படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. சென்னையிலிருந்து இயங்கும் தூலிகா பல இந்திய மொழிகளில் படநூல்களைக் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. வகுப்பை விட்டுவிட்டு, பிள்ளையின் வாசிப்புத் திறனை வைத்துப் பிரித்தது மிக நல்ல முடிவு. ஐந்தாம் வகுப்பில் இருந்தும் 'நுழை' நூலே ஏற்றதாக உள்ள பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அடுத்தது எட்டு வயதிலிருந்து பதினொன்று வரை. படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்வதும் நழுவிப்போவதும் இந்த வயதில்தான். சாகசக் கதை, துப்பறியும் கதை, காமிக்ஸ், விலங்குகள், விண்வெளி என்று எதைக் கேட்டாலும் கொடுங்கள். காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அம்புலிமாமாவையும், வாண்டுமாமா கதைகளையும், கோகுலத்தையும் ஆவலோடு படித்து வளர்ந்தவர்கள்தான் பின்னால் பெரிய நாவல்களைத் தேடிப் போனார்கள்.

ஒரு நூல் பிள்ளைக்குக் கடினமா, ஏற்றதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்த நூலுக்கு இன்னும் சில மாதம் பொறுக்கலாம். இரண்டு மூன்று விரல் மடங்கினால் அதுதான் சரியான நூல். தெரியாத சொல் சில இருக்கத்தான் வேண்டும்.

அறிவியல், புவியியல் நூல்களுக்கு வேறொரு சோதனை. கோள்கள் ஒன்பது என்று எழுதியிருக்கிறதா? புளூட்டோ 2006இலேயே அந்த வரிசையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்கிறதா? இப்போது 38. இந்திய வரைபடத்தில் தெலங்கானா இல்லையா? அது 2014இல் பிறந்த மாநிலம். நிலவின் தென்துருவப் பகுதியில் 2023 ஆகஸ்டு 23ஆம் தேதி சந்திரயான்-3 தரையிறங்கிய பிறகும் சந்திரயான்-1 உடன் நின்றுபோன நூலை, புதிது என்று சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். அட்டை புதிதாக இருக்கலாம், உள்ளே இருப்பது பழையதுதான். இதே சோதனையை ஏற்கெனவே பீரோவில் இருக்கும் நூல்களுக்கும் வையுங்கள். தவறான செய்தி சொல்லும் நூலை முறைப்படி நீக்குவதும் நூல் தேர்வில் ஒரு பகுதி. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்தாவது விதி. உதிர்ப்பதும் வளர்ச்சிதான்.

நேயர்களே, நான் அதிகம் பேச விரும்புவது அடுத்த வயதைப் பற்றி. பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை. நம் பள்ளி நூலகங்களில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சிறுவர் கதைகளை முடித்த பிள்ளை நேரே 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. தாவ முடிந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தையே விட்டுவிடுகிறார்கள். உடல் மாறும் வயது. நட்பு உடைந்தால் உலகமே உடைந்ததுபோல் இருக்கும் வயது. சாதியின் பெயரால் விழும் சொல் முதன்முதலாகச் சுடும் வயது. வீட்டில் கடன், அப்பாவின் குடி, பாதியில் நிற்கும் படிப்பு, இவற்றையெல்லாம் மனதுக்குள் சுமக்கும் வயது. இந்தப் பிள்ளைகளுக்குப் பறவையும் நரியும் பேசும் கதை போதாது.

தமிழில் இப்படிப்பட்ட நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இரா. நடராசனின் 'ஆயிஷா', கேள்வி கேட்கும் மாணவியைப் பள்ளி எப்படி நடத்துகிறது என்று நம் முகத்துக்கு நேரே கேட்கிற சிறிய நூல். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தவறான நோக்கத்தோடு தொடுகிறவர்களைப் பற்றிக் குழந்தைகள் வாய்திறந்து பேசத் துணிவு தருகிறது. அதற்கு 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது. கீழடியை மையமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023இல் அதே விருதைப் பெற்றது. 2010இலிருந்து ஆண்டுதோறும் கொடுக்கப்படும் இந்த விருதின் தமிழ்ப் பட்டியல், தேடத் தொடங்குபவர்களுக்கு நல்ல வாசல். ஆனால் விருது பெற்றது என்பதற்காகப் படிக்காமல் வாங்கிவிடாதீர்கள். விருதுக் குழு உங்கள் பள்ளிப் பிள்ளையைப் பார்த்ததில்லை. நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

இங்கே ஆசிரியர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பாலியல் தொல்லை பற்றிய நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ? சாதி பற்றிய கதை வகுப்பில் பிரச்சினை ஆகுமோ? நியாயமான அச்சம்தான். அதற்குப் பதில், முழுதாகப் படித்துவிட்டு வாங்குவதே. இரண்டு ஆசிரியர்கள் படித்து, இது எந்த வகுப்புக்கு, ஏன் வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதி வைக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டட்டும். நூலைப் படித்திருக்கிற ஆசிரியரால், கேட்பவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியும். படிக்காதவர், எதிர்ப்பு வந்த அன்றே நூலை எடுத்து ஒளித்துவிடுவார். எந்தப் பிள்ளைக்கு அந்த நூல் அவசரமாகத் தேவைப்பட்டதோ, அந்தப் பிள்ளைக்கு அப்புறம் அது கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த நூல்களை மொத்தமாக அடுக்கிப் பாருங்கள், அவற்றின் கதைகளில் யார் யார் இருக்கிறார்கள்? அம்மா எப்போதும் அடுப்படியிலும் அப்பா எப்போதும் செய்தித்தாளோடும் இருக்கிறார்களா? கடலோரப் பிள்ளை, மலைக் கிராமத்துப் பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளை, இவர்கள் எங்காவது வருகிறார்களா? வந்தாலும் பரிதாபத்துக்கு உரியவர்களாக மட்டும் வருகிறார்களா, சிரித்து விளையாடிச் சேட்டை செய்யும் முழு மனிதர்களாக வருகிறார்களா? தன்னைப் போன்ற ஒருவரைக் கதையில் சந்தித்த பிள்ளை, தன் வாழ்க்கையும் எழுதத் தகுந்தது என்று உணர்கிறது. அதே அடுக்கில் தூரத்து ஊர்களும் வேண்டும். சோவியத் நாட்டிலிருந்து தமிழில் வந்த சிறுவர் நூல்கள் ஒரு தலைமுறைக்குப் பனி விழும் ஊர்களைக் காட்டின. ஜப்பானிய நூலான 'டோட்டோ சான்' தமிழில் வந்து, பள்ளிக்கூடம் இப்படியும் இருக்கலாம் என்று எத்தனையோ ஆசிரியர்களை நினைக்க வைத்தது.

சரி, இவ்வளவையும் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி நூலகங்களுக்கு, பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கிறது. தொடக்கப் பள்ளியின் 5,000 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூல் 100 ரூபாய் என்று வைத்தால் ஐம்பது நூல்கள். ஐம்பது படநூல்களைப் படித்து முடிக்க இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும். மாநில அளவில் தேர்வாகி வரும் நூல்களுக்கும் இதே விதிதான். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அன்றாடம் பிள்ளைகளோடு இருப்பவர்களாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நூலையும் படித்தவர்களாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டந்தோறும் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது. நூலக நிதியில் கால் பங்கைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு என்று ஒதுக்கி, சிலரை அழைத்துப் போங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். புத்தகமே எடுக்காத பிள்ளை எதைக் கையில் எடுத்துப் புரட்டுகிறது என்பதுதான் நமக்கு மிக முக்கியமான செய்தி. பள்ளியில் ஒரு நோட்டு வையுங்கள். படித்தவர்கள் பிடித்தது, பிடிக்காதது என்று ஓரிரு வரி எழுதட்டும். மதிப்பெண் போடாதீர்கள், பிழை திருத்தாதீர்கள். அடுத்த ஆண்டு எதை வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வாங்கும் முன் நூலின் உடலையும் பாருங்கள். சென்டர் பின் அடித்த மெல்லிய நூல் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், நடுப்பக்கம் கழன்றுவிடும். பலர் புரட்டும் நூலுக்குத் தைத்த பைண்டிங்தான் நிற்கும். அப்படியும் கிழியும். கிழிந்தால் மகிழுங்கள், ஒட்டுங்கள். கிழியும் என்று அஞ்சிப் பூட்டி வைத்த நூலால் யாருக்கும் பயனில்லை.

நேயர்களே, இது ஆசிரியர்களின் வேலை மட்டும் அல்ல. உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வகுப்புக்கு மிட்டாய் கொடுக்கிறீர்கள். இந்த ஆண்டு அதோடு ஒரு நூலும் கொடுங்கள். நீங்களும் பிள்ளையும் சேர்ந்து படித்து, இருவருக்கும் பிடித்த நூலாக அது இருக்கட்டும். பழைய மாணவர்கள் பள்ளிக்கு நூல் தர நினைத்தால், பரணில் கிடக்கும் மூட்டையை இறக்கி அனுப்பாதீர்கள். என்ன வேண்டும் என்று பள்ளியில் கேட்டு, அதைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டு வாங்கிய நூல்களைப் படித்துப் பார்த்தவர் யார்? அவை எந்தக் கிழமை பிள்ளைகளின் கைக்குப் போகின்றன? பெற்றோர் கேட்கத் தொடங்கினால் பள்ளிகள் நிச்சயம் பதில் தேடும். நல்ல நூல்களை எழுதவும் வரையவும் தமிழில் ஆள் இருக்கிறார்கள். அவற்றைப் படித்துத் தேர்ந்து, பிள்ளைகளிடம் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.