தெளிந்த நீரிலும் மீன் சாவது ஏன்?

(வட்டார வள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வகுப்பறையில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், வாராவாரம் தண்ணீரை முழுக்க மாற்றுகிறோம். கூழாங்கல்லைக்கூடக் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறோம். ஆனாலும் மீன் செத்துப்போகிறதே!" அதற்கு நான் சொல்லும் பதில் அவர்களுக்கு வியப்பளிக்கும்: அப்படிக் கழுவுவதாலும் சாகலாம்.

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாமரைக் குளத்தில் மீன்களோடு பறவைகளும் யானையும் எருமையும் இருக்கின்றன. உண்மையான குளத்தில் இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் உண்டு. கழிவைப் பக்குவப்படுத்துவது அவைதான். கண்ணாடித் தொட்டியில் அந்த வேலையை யார் செய்வது?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய இரையும் அழுகி அம்மோனியா ஆகிறது. இதற்கு நிறம் இல்லை. நீர் தெளிவாகவே இருக்கும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதனால் மீனுக்குக் கெடுதல் குறைவு. கரும்பலகையில் நாம் வரையும் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதிதான் இது.

இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்நீரில் கழுவினால் அவை அழிந்துவிடும். பிறகு அம்மோனியா ஏறும்.

நீரின் தன்மையும் முக்கியம். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சாக இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 பங்காகிவிடும். கோடையிலோ இன்னொரு சிக்கல். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பசி என்று இரை போட்டுவிடாதீர்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. புதுத் தொட்டியில் முதலில் இரண்டு மூன்று மீன் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே இரை போடுங்கள். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். அந்த நீரைப் பள்ளித் தோட்டத்துக்கு ஊற்றலாம். நைட்ரேட் செடிக்கு உரம். வேண்டாத மீனை ஊருணியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியூர் மீன் நம்மூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வெப்பநிலை, பி.எச்., போட்ட இரை, மாற்றிய நீர் ஆகியவற்றை மாணவர்களே ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். மீன் செத்தால் மறைக்க வேண்டாம். குறிப்பேட்டைத் திறந்து, எந்த நாளில் எது மாறியது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதையும் கண்ணால் காண முடியாது. தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல நீர் அல்ல என்பதை மீன்தொட்டியில் கற்ற பிள்ளை, நாளை தன் ஊர்க் கிணற்று நீரையும் சோதித்துப் பார்க்கச் சொல்லும்.