கிந்தன் ஏறிய ரயில்



மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்குப் போகிறவர்கள் வாணி மகால் பக்கம் ஒரு சிலையைப் பார்த்திருப்பீர்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலை அது. பழைய சினிமாவில் சிரிக்க வைத்தவர் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சினிமாவுக்கு முன்பே அவர் மேடைக்காரர், பாடிச் சிரிக்க வைத்தவர். அப்படிப் பாடிய கதைகளில் ஒன்று, ஒரு ஏழைப் பையன் ஊரைவிட்டு ஓடிப்போய்ப் படித்த கதை. பட்டமளிப்பு விழாவில் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான கதை தமிழில் குறைவு.

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தவர் கிருஷ்ணன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. பையன் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டப் போனான். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான். தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்தக் கொட்டகைதான் அவனை இழுத்துக்கொண்டது. டி.கே.எஸ். சகோதரர்களின் பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தான்.

அது ஒரு பாய்ஸ் கம்பெனி. அப்படியென்றால் என்ன என்பது உங்கள் தலைமுறைக்குத் தெரிய வழியில்லை. பையன்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, வாத்தியார் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்வார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவன் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டும். அதனால் தன் பாடம் மட்டும் தெரிந்தவன் அங்கே பாதி நடிகன்தான். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். குரல் ஒன்றே துணை. ராஜபார்ட்டுக்கு ராகம் இழுக்க நேரம் இருந்தது. பபூனுக்கு அது கிடையாது. ஒரு சொல் தவறிக் காதில் விழுந்தாலும் சிரிப்பு போய்விடும். தாளத்தோடு வேகமாகப் பாட வேண்டும், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழ வேண்டும். கிருஷ்ணன் பிற்காலத்தில் பாடிய எந்தப் பாட்டைக் கேட்டாலும் இந்தப் பயிற்சி தெரியும். 'முதல் தேதி' படத்தில் மாதச் சம்பளக்காரன் பாடும் பாட்டும், 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டும் பாட்டும் யூடியூபில் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

இதே கலை வேறு ஊர்களிலும் இருந்தது. 1881-இல் லண்டனில் திறந்த சவாய் அரங்கில் ஜார்ஜ் கிராஸ்ஸ்மித் என்ற பாடகர், கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய இசை நாடகங்களில் மூச்சுவிடாமல் சொற்களை உருட்டிப் பாடிப் பெயர் வாங்கினார். பெரிய சாரீரம் என்று அவரை யாரும் சொன்னதில்லை. சொல்லும் தாளமும்தான் அவருடைய சொத்து.

நம் ஊரில் கிருஷ்ணன் கையில் எடுத்த வடிவம் கதாகாலட்சேபம். கையில் சிப்ளாக்கட்டையோடு ஒருவர் நின்று, கதை சொல்லி, பாடி, எல்லாப் பாத்திரமும் தானே ஆகி, பின்பாட்டும் மிருதங்கமும் தாங்க, இரவு முழுக்க ஊரையே உட்கார வைப்பார். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் பெரிய கலையாக வளர்த்தார். காலட்சேபக்காரர்கள் எல்லோரும் கைவைத்த கதை நந்தனார் சரித்திரம். கோபாலகிருஷ்ண பாரதி எழுதியது, 1860-களின் தொடக்கத்தில் அச்சானது. அச்சாவதற்குக் கைகொடுத்தவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை, சிதம்பரம் போக நந்தனுக்கு உத்தரவு தர மறுக்கும் அந்த வேதியரை, உண்டாக்கியவர் பாரதிதான். அந்த மறுப்பில்தான் நாடகம் பிறந்தது. பின்னால் அது சினிமாவுக்கும் போனது. 1935-இல் நந்தனாராக நடிக்கக் கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

ஆக, நந்தன் கதையின் ஒவ்வொரு திருப்பமும் தமிழ்நாட்டுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தின் மேல் ஏறி நின்றுதான் கிருஷ்ணன் கிந்தனாரைப் பாடினார். உடுமலை நாராயணகவியின் எழுத்து. மேடைகளில் முழங்கி, 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது.

நந்தன் தில்லைக்குப் போகத் துடித்தான் என்றால், கிந்தன் பட்டணத்துக்குப் போய்ப் படிக்கத் துடிக்கிறான். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவனுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்கிறது. அவன் ரயில் ஏறிவிடுகிறான். அந்த ரயில்தான் இந்தக் காலட்சேபத்தின் உயிர். சக்கரத்தின் ஓட்டத்தைத் தாளமாக வைத்து, எல்லாச் சாதியையும் ஒரே பலகையில் உட்கார வைத்து இழுத்துப் போகிறதே என்று அந்த வண்டியைப் பாடுகிறார். கேட்பவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். தன் தெருவில் நடக்காத ஒன்று ரயிலுக்குள் நடக்கிறது என்பது அந்தச் சிரிப்போடு சேர்ந்தே உள்ளே இறங்குகிறது. நந்தன் நெருப்பில் இறங்கிக் கடவுளோடு கலந்தான். கிந்தன் சாகவில்லை. படித்துத் தேறி, பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். ஒரு பழைய கதையின் முடிவை இவ்வளவு துணிச்சலாக, பக்தர்கள் மனம் கோணாமல் மாற்றிய மேடைக்காரர் தமிழில் இன்னொருவர் இல்லை. சிரிப்பு இல்லாமல் அதைச் செய்திருக்கவும் முடியாது.

இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் எத்தனை பேருடைய வீட்டில் இதுதான் முதல் பட்டம்? அந்த வீடுகளில் யாரோ ஒருவர், எப்போதோ, அந்த ரயிலில் ஏறியிருக்கிறார்.

கிருஷ்ணனின் மேடை வாழ்க்கை நேர்கோடாகப் போகவில்லை. லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளரின் கொலை வழக்கில் நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு 1944 கடைசியில் கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் விடுதலையானார். அவர் உள்ளே இருந்த காலத்தில் மனைவி டி.ஏ.மதுரம் துவண்டு உட்கார்ந்துவிடவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' நாடகம் மேடை ஏறியது, பிறகு படமும் ஆயிற்று. கிருஷ்ணனைப் பற்றிப் பேசும்போது மதுரத்தை 'ஜோடி' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம்.

கிருஷ்ணனுக்குக் 'கலைவாணர்' பட்டம் சூட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல், கல்லூரிப் படிப்பு முடியாத வயதில், நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர் அவர். பிற்பாடு நீதிபதியானவர். படித்தவர்கள் வேஷம் கட்டுவது கேவலம் என்று ஊர் நினைத்த காலத்தில், வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றினார். அந்தக் கை, நான்காம் வகுப்போடு நின்ற ஒரு பபூனுக்குப் பட்டம் கொடுத்தது.

கிருஷ்ணன் சம்பாதித்ததைச் சேர்த்து வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வில்லுப்பாட்டு எழுதத் தெரிந்த சுப்பு ஆறுமுகம் என்ற திருநெல்வேலிப் பக்கத்து இளைஞரைத் தன்னோடு அழைத்து வந்து, காந்தி கதையை வில்லில் பாடினார். அந்த இளைஞர் தம் தொண்ணூறு வயதைக் கடந்தபின், 2021-இல், பத்மஸ்ரீ விருது பெற்றார். கிருஷ்ணனோ 1957 ஆகஸ்ட் 30 அன்று, நாற்பத்தொன்பது வயது நிறையுமுன்பே, கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

தி.நகர் சிலைக்கு வருகிறேன். 1969 ஜனவரி 14, பொங்கல் நாள். திறந்து வைக்க வந்தவர் முதலமைச்சர் அண்ணா. புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்த உடம்பு. அந்த உடம்போடு வந்து சிலையைத் திறந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. இருபது நாளில், பிப்ரவரி 3 அன்று, அவரும் மறைந்தார். கிந்தன் ரயில் ஏறும் அந்த 'நல்லதம்பி'க்குக் கதை வசனம் எழுதியவர் அவர்தான்.