சேற்றில் ஓடியவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு செய்தி



ஓட்டப்பந்தயம் என்றதும் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். மிதிவண்டிப் போட்டி என்றால் தார்ச்சாலை. இன்று பேச எடுத்துக்கொண்டது இவை இரண்டும் இல்லை. காட்டுப்பாதையில் ஓட வேண்டும், பிறகு சேற்றிலும் செம்மண்ணிலும் மலை மிதிவண்டியை மிதிக்க வேண்டும், இறங்கி மறுபடியும் ஓட வேண்டும். இந்தப் போட்டிக்கு டுவாத்லோன் என்று பெயர். இதோடு நீச்சலும் சேர்ந்தால் டிரையத்லோன். 1996ஆம் ஆண்டு ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா போட்டி, கடலில் நீந்துவது, மலை மிதிவண்டி, காட்டு ஓட்டம் என்ற மூன்றையும் இணைத்து உலகம் முழுவதும் பரவியது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆனால் இந்தக் காட்டு ஓட்டத்தின் ஒரு வேர் நமது சிலாங்கூரில்தான் இருக்கிறது. 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுச் செல்வார். மற்றவர்கள் அந்தத் தடத்தைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். ஓடிய இடம் பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களும் அவற்றை ஒட்டிய காடுகளும்தான். அந்தக் குழுவின் கிளைகள் இன்று உலகின் பல நாடுகளில் இருக்கின்றன. அவர்கள் பொழுதுபோக்குக்காக ஓடிய அந்தப் பாதைகளில்தான், விடியற்காலையில் நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்ட நடந்தார்கள், பால்வாளியைச் சுமந்தார்கள்.

சுங்கை செம்பிலாங் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு நடப்பட்டதே இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள தென்னமாரத்தில்தான். தோட்டத்துப் பாதை, கால்வாய்க் கரை, கடலோர மண்வரப்பு எல்லாம் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றன. இப்படிப்பட்ட பயிற்சிக் களத்தைத் தேடி நகரத்துக்காரர்கள் காரில் மிதிவண்டியைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது காலடியிலேயே கிடைக்கிறது.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நன்றாக ஓடுகிறவரும் நன்றாக மிதிக்கிறவரும் கூட, மிதிவண்டியிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் தடுமாறிப் போவார்கள். கால்கள் கட்டை போல் கனக்கும். அதுவரை வட்டமாகச் சுழன்று பழகிய தசைகள் திடீரென்று உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பழக வேண்டும். 1 மணி நேரம் மிதித்துவிட்டு, ஓய்வெடுக்காமல் 15 நிமிடம் ஓடினாலே தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டாவது, மண்ணை அறிவது. இந்தக் கரையோரத்துக் களிமண் மழை பெய்தால் வழுக்கும், சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், பிரேக்கையும் அடைத்துவிடும். ஆழமான பட்டை கொண்ட டயர் வேண்டும். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் பிடிமானம் கூடும். செம்பனை மட்டையின் முள் டயரைக் குத்திக் கிழித்துவிடும் என்பதால் மாற்று டியூப்பும் கைப்பம்பும் இல்லாமல் புறப்படக்கூடாது. தலைக்கவசம் கட்டாயம். தோட்டத்துக்குள் நுழைவதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. குலை வெட்டு நடக்கும் பக்கம் போகக்கூடாது. செம்பனைக் குலை தலையில் விழுந்தால் தலைக்கவசமும் காப்பாற்றாது.

இதுவரை சொன்னதைப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். அவர்களில் பலர் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி தொடங்கி செப்டம்பர் 3ஆம் தேதி வரை, ஈகோ-சேலஞ்ச் என்ற உலகப் புகழ்பெற்ற சாகசப் போட்டி சபாவில் நடந்தது. ஓர் அணிக்கு நான்கு பேர் என்று மொத்தம் 304 வீரர்கள். காட்டில் நடந்தார்கள், மலை மிதிவண்டி ஓட்டினார்கள், படகு செலுத்தினார்கள், ஆற்றில் நீந்தினார்கள், குகைக்குள் புகுந்தார்கள். எல்லாரும் உடலைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தவர்கள். போட்டி முடிந்து அவரவர் நாட்டுக்குத் திரும்பினார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் அவர்கள் காய்ச்சலோடு மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரணையில் இறங்கியது. தொடர்புகொள்ள முடிந்த 189 வீரர்களில் 80 பேருக்கு, அதாவது 42 விழுக்காட்டினருக்கு, நோயின் அறிகுறிகள் இருந்தன. அவர்களில் 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல வேளையாக யாரும் இறக்கவில்லை. நோயின் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். நம் மக்கள் எலி சிறுநீர் நோய் என்றும், மலாய் பேச்சுவழக்கில் கெஞ்சிங் திக்குஸ் என்றும் சொல்வது இதைத்தான். செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததாக அந்த விசாரணை காட்டியது.

எலி முதலிய விலங்குகளின் சிறுநீரில் இந்தக் கிருமி வெளியேறும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். இப்போது இந்தப் போட்டியை நினைத்துப் பாருங்கள். முள் கீறாத கால் உண்டா? முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு முகத்தில் படாமல் இருக்குமா?

இது சபா காட்டோடு நின்றுவிடும் கதை அன்று. செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதனால்தான் பல தோட்டங்களில் மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். நம் நாட்டில் இந்த நோய் 1925ஆம் ஆண்டிலேயே பிளெட்சர் என்ற மருத்துவ ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களின் இரத்தத்தில் இந்தக் கிருமி வந்துபோனதற்கான அடையாளத்தை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். வீரர்களுக்கு வந்தபோது உலகச் செய்தியானது. தொழிலாளிக்கு வந்தபோது வெறும் காய்ச்சலாகப் போனது எத்தனை தடவையோ!

2010ஆம் ஆண்டு பகாங், மாரானில் உள்ள லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடப் போனவர்கள் நோயுற்றார்கள். அவர்களில் 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் எலி சிறுநீர் நோயும் அங்கே கண்டறியப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் லெப்டோஸ்பைரோசிஸ், சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக நம் நாட்டில் அறிவிக்கப்பட்டது.

ஓட்டக்காரரை இந்த நோய் ஏமாற்றும் விதம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. காய்ச்சல், தலைவலி, உடல்வலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவைதான் தொடக்க அறிகுறிகள். போட்டியில் ஓடியவருக்குக் கெண்டைக்கால் வலிப்பது புதிதா? ஓடிய களைப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். சேற்றில் இறங்கிய 2 நாளிலும் நோய் வரலாம், 4 வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் போட்டியே மறந்து போயிருக்கும். கிளினிக்குக்குப் போனாலும் டிங்கி காய்ச்சலாக இருக்குமோ என்ற சந்தேகமே முதலில் எழும். கவனிக்காமல் விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு என்று முற்றிவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயோடிக் மருந்துகளாலேயே குணமாகும்.

எனவே மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "நான் இந்தத் தேதியில் தோட்டத்துச் சேற்றில் ஓடினேன்." அந்த ஒரு வாக்கியம் பரிசோதனையின் திசையையே மாற்றிவிடும். பிள்ளை சொல்ல மறந்தால் அப்பா சொல்லட்டும், அம்மா சொல்லட்டும்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. போட்டிக்கு முன் காயங்களை நீர் புகாத பிளாஸ்திரி போட்டு மூட வேண்டும். நீண்ட காலுறை, மூடிய காலணி, கண்ணாடி அணிய வேண்டும். சேறு படிந்த தண்ணீர்ப் போத்தலின் வாயைத் துடைக்காமல் குடிக்கக்கூடாது. ஓடி முடித்ததும் வேர்வை காயட்டும் என்று சேற்றோடு அரட்டை அடித்துக்கொண்டிருக்காமல், சுத்தமான நீரில் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். கால்வாய் நீரில் கால் கழுவுவது குளித்ததாக ஆகாது. முன்கூட்டியே டோக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடும் வழக்கமும் உண்டு. சபாவில் அதைச் சாப்பிட்டிருந்தவர்களிடையே நோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் மிகச் சிலரே என்பதால் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் கடமை இருக்கிறது. பதக்கமும் சட்டையும் கொடுக்கிறவர்கள், முடிவுக் கோட்டில் நாலு தண்ணீர்க் குழாயும் வைக்கலாம். வீரர்களின் தொலைபேசி எண்களை ஒரு மாதமாவது பத்திரமாக வைத்திருக்கலாம். ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர்களை உடனே எச்சரிக்க அது உதவும். சபா வீரர்களைத் தேடிப் பிடித்ததும் அப்படித்தான்.

இதைக் கேட்டுப் பெற்றோர்கள் பயந்துபோய்ப் பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்கக்கூடாது. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடச் சேற்றில் ஓடும் பிள்ளை எவ்வளவோ மேல். அந்தத் தோட்டத்துப் பாதையில் வேலைக்காக நடந்த தலைமுறைக்கு இந்த விவரத்தை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. விளையாட்டுக்காக ஓடும் தலைமுறைக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. ஓடட்டும், மிதிக்கட்டும், வெற்றி பெறட்டும். வீடு திரும்பியதும் குளிக்கட்டும். காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லட்டும்.