வானம் ஆரஞ்சு, காத்து எப்படி?

இன்னைக்கு ரெண்டு நாளைப் பத்திப் பேசலாம். 2020 செப்டம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ: காட்டுத்தீப் புகையால பட்டப்பகல்ல வானம் ஆரஞ்சு நிறமா இருண்டு போச்சு. 2023 ஜூன் 7, நியூயார்க்: கனடாவில் எரிஞ்ச காட்டோட புகை ஊரையே மூடிடுச்சு. மேலிருந்து பார்த்தா ரெண்டுமே அடர்த்தியான புகைதான். ஆனா ஜனங்க சுவாசிச்ச காத்து ஒண்ணு இல்லை.

சாட்டிலைட் புகையை எப்படி அளக்குது? கோஸ்-16 சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து, அமெரிக்காவை 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துச்சு. புகை இல்லைன்னா தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு ஒரு கணக்கு இருக்கு. அதிலிருந்து எவ்வளவு மாறுதுன்னு பார்த்து ஒரு எண் போடுவாங்க. அதுக்குப் பேர் 'ஏரோசால் ஆப்டிகல் டெப்த்'. அது 1-ன்னா, நேர் மேலிருந்து வர்ற வெளிச்சத்தில் சுமார் 37 சதவீதம்தான் தடையில்லாம தரைக்கு வரும். 3-ன்னா, வெறும் 5 சதவீதம்.

முதல் சிக்கல் இங்கதான். இந்த எண், வானத்து உச்சியிலிருந்து தரை வரைக்கும் இருக்கிற மொத்தப் புகையைச் சொல்லும். புகை எந்த உயரத்தில் நிக்குதுன்னு சொல்லாது. சான் பிரான்சிஸ்கோவில் அன்னைக்குக் குளிர்ந்த கடல்காத்து கீழே ஒரு மெத்தை மாதிரி படிஞ்சு, புகையை மேலேயே நிறுத்திடுச்சு. வானம் பயமுறுத்துன அளவுக்குத் தரையில் காத்து கெடலை. அடுத்தடுத்த நாள்லதான் புகை கீழே இறங்கி மோசமாச்சு. நியூயார்க்கில் புகை நேரா தெருவுக்கே வந்துச்சு. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டுச்சு. 300-க்கு மேல போனாலே அபாயம்.

ரெண்டாவது சிக்கல் இன்னும் மோசம். மேகம் இருக்கிற இடத்தை அல்காரிதம் கணக்கில் சேர்க்காது. புகை ரொம்பத் தடிமனா இருந்தா, அதையும் சில நேரம் மேகம்னு நினைச்சு விட்டுடும். அதாவது, புகை உச்சத்தில் இருக்கிற இடமே மேப்ல காலியாத் தெரியலாம். கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும்: நல் வேற, ஜீரோ வேற. காலி இடத்தை 'சுத்தமான காத்து'ன்னு காட்டுற ஆப், ஆஸ்துமா இருக்கிற ஒருத்தரை வாக்கிங் அனுப்பிடும்.

அதனால புகை எங்கிருந்து வருது, எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சுக்க சாட்டிலைட் படம் பாருங்க. மாஸ்க் போடணுமா, ஜன்னலைச் சாத்தணுமான்னு முடிவு பண்ண, பக்கத்தில் இருக்கிற தரைமட்ட சென்சார் காட்டுற பிஎம் 2.5 அளவைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.